பொது வடிவம் பேசும் வங்கிகள்

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலையடிவாரத் தேநீர்க் கடையில் ஒருவர் 10 ரூபாயைத் திறன்பேசிவழிச் செலுத்துகிறார் எனக் கொள்வோம். அவர் கணக்கு பாரத ஸ்டேட் வங்கியில் உள்ளது. கடைக்காரர் கணக்கோ ஐசிஐசிஐ வங்கியில் உள்ளது. முன்னது டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் ‘பேங்க்ஸ்’ மென்பொருளிலும், பின்னது இன்ஃபோசிஸின் ‘ஃபினக்கிள்’ மென்பொருளிலும் இயங்குகின்றன. ஒன்றன் உள்ளமைப்பை மற்றொன்று அறியாது. எனினும் பணம் சில நொடிகளில் சேர்ந்துவிடுகிறது.

இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய யுபிஐ, வங்கிகளின் மென்பொருளை மாற்றச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான கணக்குகளைத் தாங்கும் அமைப்பைப் பிடுங்கி நடுவது எளிதா என்ன? வங்கிகளுக்கிடையே செல்லும் செய்தியின் வடிவத்தை மட்டுமே அது வரையறுத்தது. பற்று, வரவு ஆகியவற்றை ஒவ்வொரு வங்கியும் தனித்தனிச் சேவைகளாக அளிக்கிறது. இதனையே சேவைசார் கட்டமைப்பு என்கிறோம்.

சுருக்கமான ‘ஜேசான்’ வடிவம் அந்நாளிலேயே பரவியிருந்தும், சொற்கள் மிகுந்த ‘எக்ஸ்எம்எல்’ வடிவமே தேர்ந்தெடுக்கப்பட்டது. வங்கித்துறை அதனோடு முன்பே பழகியிருந்தது. செய்திக்குள்ளேயே மின்கையொப்பமிடும் முறையும் அதற்கு உண்டு. பணம் கைமாறும் இடத்தில் சுருக்கத்தைக் காட்டிலும் சரிபார்ப்பே முதன்மை பெறுவது இயல்பு. வாடிக்கையாளர் கணக்கில் பற்று நிகழ்ந்து கடைக்காரருக்கு வரவு நிகழாவிடின், அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரும் செய்தியும் இதே வடிவில்தான் சென்றாக வேண்டும்.