பட்டத்தில் எந்த முத்திரையும் விழாது

“கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்துவிட்டு யூசிக்குப் போனால், பட்டச் சான்றிதழிலேயே அதைப் போட்டுவிடுவார்களாமே? கம்பெனிக்காரன் பார்த்ததும் ஒதுக்கிவிடுவானாமே?”

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ரமோன் என்று எந்த ஊரில் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும், மார்ச் ஏப்ரலில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சொல்பவர்களில் ஒருவர்கூட அப்படியொரு சான்றிதழைக் கண்ணால் பார்த்ததில்லை. “எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்” என்பதோடு சரி.

இது பொய். இதை நம்பி, தாங்க முடியாத கடனைத் தலையில் ஏற்றிக்கொண்ட குடும்பங்களின் வரிக் கணக்கை நான் போட்டுக்கொடுக்கிறேன். அதனால்தான் கோபம் வருகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) பட்டச் சான்றிதழில் இருப்பவை மாணவரின் பெயர், பட்டம், வளாகம், தேதி போன்றவைதான். முதல் இரண்டு வருடம் எங்கே படித்தார் என்பதற்கு அதில் இடமே கிடையாது. பதினெட்டு வயதில் நேராக யூசியின் பெர்க்லி வளாகத்துக்குள் நுழைந்தவரும், கூப்பர்டினோவில் டி ஆன்ஸா கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் வருடம் பெர்க்லியில் சேர்ந்தவரும் வாங்குவது ஒரே தாளைத்தான். மதிப்பெண் பட்டியலில் முந்தைய கல்லூரியின் பெயர் இருக்கும். உண்மைதான். பள்ளியில் எழுதிய ஏபி தேர்வுகளுக்குக் கிடைத்த யூனிட்டுகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லையே? யூசியில் கணக்கிடும் ஜிபிஏவும் யூசியில் எடுத்த பாடங்களுக்கு மட்டும்தான். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பின்னணிச் சோதனையில் சரிபார்ப்பது என்ன பட்டம், எந்தத் துறை, எப்போது முடித்தார் என்பதை.

இந்த வதந்தியை அதிகம் பரப்புகிறவர்களில் ஊரில் பாலிடெக்னிக் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. அதே பட்டத்தைக் காட்டித்தான் ஹெச்-1பி விசா வாங்கி இங்கே வந்து இறங்கினார்கள். தங்களுக்குத் திறந்த கதவு பிள்ளைக்கு மட்டும் அவமானமாகிவிட்டதா?

இந்த வழி பின்வாசலும் இல்லை. 1960-இல் கலிஃபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே, கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்குகிறவர்கள் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு இடம் ஒதுக்கினார்கள். புதிதாக நேரடியாகச் சேரும் இரண்டு பேருக்கு, மாறி வரும் ஒருவர் என்பதுதான் யூசி இன்றும் வைத்திருக்கும் கணக்கு. அப்படி மாறி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த மாநிலத்தின் கம்யூனிட்டி கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள். அண்மை ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவுக்குப் பள்ளி முடித்து நேரடியாக விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மாறி வர விண்ணப்பித்தவர்களிலோ ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைத்தது. எந்த வாசல் அகலம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் டி ஆன்ஸாவில் படித்துவிட்டுத்தான் பெர்க்லிக்குப் போனார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ் படிப்பைத் தொடங்கியது நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கம்யூனிட்டி கல்லூரியில். அவரை நம்பி 1999-இல் நாசா கொலம்பியா ஓடத்தையே ஒப்படைத்தது.

மற்ற கதைகளையும் சட்டென்று முடித்துவிடுகிறேன். “வாத்தியார்கள் சரியில்லை” என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் போன்ற பாடங்களைக் கம்யூனிட்டி கல்லூரியில் நடத்த பொதுவாக அந்தத் துறையிலோ அதோடு தொடர்புள்ள துறையிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் பேராசிரியரைத் தூரத்திலிருந்து பார்ப்பதைவிட, முப்பது நாற்பது பேர் வகுப்பில் கால்குலஸ் கற்பது எந்த விதத்தில் மட்டம்? “மார்க் வாங்காத பிள்ளைகள்தான் போவார்கள்” என்பதற்கு ஒரு வார்த்தைதான்: பொய். “ஸ்டான்ஃபோர்டுக்குப் போக முடியாதே” என்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு மாறி வரும் மாணவர்களை மிகச் சொற்பமாகத்தான் எடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நேரடியாக விண்ணப்பித்த உங்கள் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

ஆனால் ஒரு குற்றச்சாட்டைத் தட்டிவிட முடியாது. “அங்கே சேர்ந்தால் அங்கேயே நின்றுவிடுவான்” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. நாடு முழுவதும் கணக்கெடுத்தால், கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். ஆறு ஆண்டுகளுக்குள் இளங்கலைப் பட்டம் வாங்குவோர் நூற்றுக்குப் பதினாறு பேர் போல. அங்கே தொடங்குகிறவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டு, சிலர் கைக்குழந்தையோடு, பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடம் எடுத்துப் படிப்பவர்கள். முழுநேரமும் படிக்கக்கூடிய, வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கும் பிள்ளையின் நிலைமை வேறு. ஆனாலும் திட்டமில்லாமல் போனால் அவனும் நிற்பான். மாறும்போது மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு யூனிட்டுகளை இழந்தார்கள் என்று மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் அறிக்கை வெளியிட்டது.

அந்த இழப்பைத் தடுக்கத்தான் கலிஃபோர்னியாவில் ‘அசிஸ்ட்’ என்ற இணையதளம் இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்து பாருங்கள். கல்லூரி, வளாகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான கம்யூனிட்டி கல்லூரிப் பாடம் என்று வரிசையாக வரும். ஈடான பாடம் இல்லையென்றால் ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்று அந்த இடத்திலேயே எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல், நண்பன் எடுக்கிறான் என்று பாடம் எடுத்தால்தான் வருடம் வீணாகும். டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என ஆறு வளாகங்கள், கேட்கும் ஜிபிஏவும் பாடங்களும் இருந்தால் முன்கூட்டியே இடத்துக்கு உறுதி தருகின்றன. ‘டேக்’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். ஆறில் ஒரு வளாகத்துக்கு மட்டும்தான் கேட்கலாம். செப்டம்பர் மாதம் முடிவதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும். சாண்டா பார்பராவின் பொறியியல் போன்ற சில துறைகளுக்கு இந்த உறுதி கிடையாது. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியகோ இதில் சேரவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இந்த மாநிலத்தவருக்குக் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380. இரண்டு வருடத்துக்கு 2,760. முதன்முறையாக முழுநேரம் சேருகிறவர்களுக்குப் பல கல்லூரிகள் இதையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன. யூசியில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. இரண்டு ஆண்டுகளில் வித்தியாசம் 50,000 டாலருக்குக் குறையாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டும் வருமானம் 1,60,000 டாலருக்குள் இருந்தால், கல்லூரிக் கட்டணத்தில் முதல் 2,000 டாலர் கட்ட வேண்டிய வரியிலிருந்து அப்படியே குறையும். அதற்கு மேல் வரும் 2,000 டாலரில் கால் பங்கு. கட்டாயம் வாங்க வேண்டிய பாடப்புத்தகங்களும் இதில் சேரும். 1,380 கட்டணம், 600 டாலருக்குப் புத்தகம் என்றால் அந்த அளவுக்கு வரி கட்டும் குடும்பத்துக்குப் போட்ட பணம் முழுவதும் திரும்பிவிடுகிறது. ஒரே சம்பளத்தில் ஓடும் எத்தனையோ குடும்பங்களுக்கு இது பொருந்தும். ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த ஆண்டு வரிக் காலத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். மகள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள வளாகத்தில் முதல் வருடம். அப்பாவின் டபிள்யூ-2 படிவத்தில், போன வருடம் வரை ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யின் தொகை இருந்த பன்னிரண்டாம் கட்டம் வெறுமையாக இருந்தது. கேட்டேன். விடுதிக்குப் பணம் போதவில்லை என்று நிறுத்திவிட்டாராம். நிறுத்தியதும் கம்பெனி போடும் பங்கும் நின்றுவிட்டது. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அது போதாதென்று பேரன்ட் பிளஸ் கடனும் வாங்கியிருந்தார்கள். “கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்பியிருக்கலாமே” என்றேன். “சர்டிபிகேட்ல தெரிஞ்சுடுமாமே சார்” என்றார் அந்த அம்மா.

பேரன்ட் பிளஸ் பெற்றோரின் பெயரில் வாங்கும் அரசுக் கடன். பிள்ளையின் பெயரில் இல்லை. 2024-25 கல்வி ஆண்டில் இதன் வட்டி 9.08 விழுக்காடு. அதற்கு முன்னால், கடன் தரும்போதே 4.228 விழுக்காட்டைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள். 50,000 டாலர் கடனைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 635 டாலர், மொத்தம் 76,000 டாலருக்கு மேல். ஐம்பத்திரண்டு வயதில் வாங்கினால் அறுபது தாண்டியும் கட்டிக்கொண்டிருப்பார். 2026 ஜூலை முதல் புதிதாக இந்தக் கடன் வாங்கத் தொடங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று அரசே வரம்பு கட்டிவிட்டது. வரம்புக்கு மேல் வேண்டும் என்று தனியார் கடனைத் தேடிப் போகாதீர்கள். 401(கே)-யைத் தொடாதீர்கள். வீட்டின் மீது கடன் வாங்காதீர்கள். என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்களிடம் வருடா வருடம் சொல்வது இதைத்தான்.

கம்யூனிட்டி கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. செமஸ்டர் கல்லூரிகள் ஆகஸ்டிலும், டி ஆன்ஸா போன்ற குவார்ட்டர் கல்லூரிகள் செப்டம்பர் கடைசியிலும்தான் தொடங்குகின்றன. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த விண்ணப்பத்தையும் போட்டுவையுங்கள்.