பண்ணைப் பொறுப்பேற்கும் தம்பி மகனுக்கு

காவிரிப் படுகையில் மடத்து நிலத்தையோ அறக்கட்டளை நிலத்தையோ பார்த்துக்கொள்ளும் காரியஸ்தரின் வேலை விடியற்காலை வாய்க்கால் கரையில் தொடங்குகிறது. கணக்கு மேசைக்கு அவர் வரும்போது வெயில் ஏறியிருக்கும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். இருப்பு குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். குறுவை உண்டா, சம்பா ஒன்றுதானா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. சாகுபடிப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

சுற்றுக்குப் போகிறவர் கடைமடையிலிருந்து போக வேண்டும். தண்ணீர் போதவில்லை என்று அலுவலகத்துக்கு வந்து சொல்பவர் பெரும்பாலும் தலைமடைக்காரர். கடைமடைக்காரர் இரவெல்லாம் மடையில் காவல் கிடந்தவர். பகலில் வந்து முறையிட அவருக்குத் தெம்பிருக்காது. பாளம் விட்ட அவருடைய வயலைப் பயிர் நிற்கும்போதே பார்த்துத் தேதியோடு குறித்தால்தான் பின்னால் வஜா, அதாவது குத்தகைத் தள்ளுபடி, கேட்கையில் நியாயம் பேச முடியும். அறுத்த தாளைப் பார்த்து விளைச்சல் சொல்வது ஜோசியம்.

வாரம் என்றால் கண்டுமுதலில் பங்கு. குத்தகை என்றால் பேசி முடித்த அளவு. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் செய்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயக் குத்தகைக்கு வரம்பு கட்டியது. நன்செயில் விளைச்சலில் 40 சதவீதம் என்றிருந்தது பின்னர் 25 சதவீதமாகக் குறைந்தது. பொது அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-ல் தனிச் சட்டமே வந்தது. பழைய மிரட்டல் தொனி அதற்குப் பிறகும் சில பண்ணைகளில் நீடிப்பது வழக்குகளை வளர்த்ததைத் தவிர வேறெதையும் செய்யவில்லை.

அறுவடை நாளிலேயே குத்தகைக்கு ஆள் அனுப்புவது தவறு. மார்கழி, தைப் பனியில் நெல் காய்வதில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். தளர்வு அறிவிக்காத ஆண்டில் நெல்லைச் சாலையில் பரப்பிக் கிளறிக்கொண்டு குடும்பமே நிற்கும். பணம் வங்கியில் ஏறிய பிறகு கேட்டால் பாதிப் பேர் தாமே கொண்டுவந்து கட்டுவார்கள்.

கட்டிய கையோடு ரசீது தர வேண்டும், பத்து மரக்கால் என்றாலும். அடிக்கட்டையில் பசலி ஆண்டு, சர்வே எண், உழுபவர் பெயர், பாக்கி எல்லாம் இருக்க வேண்டும். ‘நாளைக்கு வாங்கிக்கப்பா’ என்ற ஒரு சொல்லால் மூன்று தலைமுறைப் பழக்கம் முறிந்துபோவதுண்டு. உழுபவர் பெயரில் அடங்கல் இல்லாவிட்டால் நெல் போடுவதும் பயிர்க் காப்பீடும் சிக்கலாகும். பண்ணையின் நடப்பு ரசீது அங்கே அவருக்குத் துணை.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன் ஈரச் சேற்றில் தெளிக்கும் உளுந்து குடியானவருடையது. அதில் பங்கு கேட்காதிருப்பதே மரியாதை.

பசலி ஜூன் 30-ல் முடிகிறது. பாக்கிப் பட்டியலை அன்றைக்கே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஜூலையில் உட்கார்ந்தால் புது வரவும் பழைய பாக்கியும் ஒரே பக்கத்தில் கலந்துவிடும்.