கடன் நெருக்கும்போது எந்தக் கதவைத் தட்டுவது?

தங்கச்சி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. குழு லோனுக்கும் தண்டலுக்கும் அப்படி ஒரு தடைக்காலம் கிடையாது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்குவதற்கு முன்னால் ஆலோசனை கேள்.

முதலில் ஒரு தாளை எடு. யாருக்கு எவ்வளவு பாக்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தக் கிழமை தவணை என்று எழுது. லோன் கார்டையும் தண்டல் அட்டையையும் சேர்த்து வை. இவை கையில் இல்லாமல் போனால் யாரும் பொத்தாம்பொதுவாகத்தான் பேசுவார்கள்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது, வரவு செலவை எப்படிச் சரிக்கட்டுவது என்ற குழப்பமா? வங்கிகள் நடத்தும் நிதிக் கல்வி மையம் எங்கே என்று உன் வங்கிக் கிளையில் கேள். ஆலோசனை இலவசம்.

குழு லோன்காரர் நெருக்கினால் விதியைத் தெரிந்துகொண்டு பேசு. ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிப்படி, வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. வசூல் கூட்டத்துக்கு நீ அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். மீறினால் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடு, நகலை வைத்துக்கொள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போ, விவரத்துக்கு 14448. கட்டணம் இல்லை.

தண்டல், மீட்டர் வட்டி என்று மிரட்டல் வந்தால் அது வரவு செலவு ஆலோசனையோடு முடியாது. 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, வக்கீல் வேண்டும். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், அந்த ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்குப் போன் போடு.

தொண்டு நிறுவனத்திடம் ஆலோசனை கேட்கப் போனால், அவர்களே கடனும் கொடுக்கிறார்களா என்று கேள். ஜெயா அருணாசலம் 1978-ல் சென்னையில் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் போல, ஏழைப் பெண்களைச் சேர்த்துக் கடன் கொடுத்த நல்ல அமைப்புகள் உண்டு. ஆனால் கடனில் ஏற்கெனவே மூழ்கியவளுக்கு வேண்டியது, கடன் கொடுக்காமல், காது கொடுத்துக் கேட்டு யோசனை சொல்பவர். முன்பணம் கேட்டாலோ, வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலோ எழுந்து வந்துவிடு.

வீட்டு விஷயத்திலும் முன்பணம் கேட்பவரை நம்பாதே. வாரிய வீடு வாங்கித் தருகிறேன் என்று எர்ணாவூரிலோ திருவொற்றியூரிலோ யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்துக்கே போ. பயனாளி பங்குத்தொகை கட்டச் சொன்னால் வாரியத்தின் பெயரில் மட்டும் கட்டி, ரசீதை வாங்கு.