பழைய இறால் பண்ணைகளுக்குப் புத்துயிர்

இறால் வளர்ப்பை விரிவாக்க விரும்புவோர் புதிய நிலம் தேட வேண்டியதில்லை. கைவிடப்பட்ட பண்ணைகளை வாங்கிச் செப்பனிடுவதும் ஒரு வழியாகும். விளைநிலமும் அலையாத்திக் காடும் இதனால் காக்கப்படுகின்றன. ஆயினும் வெட்டிய குளம் கிடைப்பதே இலாபம் என்று எண்ணுவது தவறாகும்.

ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் கண்டலேறு உப்பங்கழியை ஒட்டிப் பண்ணைகள் விரைந்து பெருகின. நீர் எடுத்ததும் கழிவு விட்டதும் அதே கழியில்தான். 1994-95இல் கிழக்குக் கடற்கரையில் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைக்குப் பண்ணை நோய் தொற்றியது. பலர் கடனுடன் தொழிலை விட்டனர். 2009இல் வனாமி இறால் வளர்க்க அனுமதி கிடைத்தபின் பழைய குளங்களுக்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பண்ணை கைவிடப்பட்டதன் காரணம். நோயா, அமில மண்ணா, நீர்வரத்துக் குறைவா என்பதற்கேற்பச் செலவு மாறும். இரண்டாவது, பதிவு. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பண்ணைகளுக்குப் பதிவு கட்டாயமாகும். மூன்றாவது, நடைமுறை மூலதனம். வளர்ப்புச் செலவில் ஏறத்தாழப் பாதி தீவனத்துக்கே போவதால், கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்தவர் குஞ்சு விட்டபின் திண்டாடுவார்.

சீரமைப்பு அடிமண்ணிலிருந்து தொடங்க வேண்டும். குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, கருஞ்சேற்றை அகற்றி, மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இட வேண்டும். கரைகளையும் மதகுகளையும் பழுது பார்த்து, நோய் கடத்தும் நண்டுகள் நுழையாமல் வேலி அமைப்பது இன்றியமையாதது.

பத்துக் குளங்களை வாங்கியவர் பத்திலும் விளைச்சல் கணக்கிடக் கூடாது. ஒன்றை நீர்த் தேக்கத்திற்கும் மற்றொன்றைக் கழிவுநீர் தெளிவதற்கும் ஒதுக்கினால் எஞ்சுபவை எட்டே. எட்டின் வருவாயைக் கொண்டு பத்தின் விலையை ஈடுகட்ட முடியுமா என்பதே சரியான கணக்கு.

கழி அனைவருக்கும் பொது. அருகிலுள்ள பண்ணையாளர் கலந்து பேசி, குஞ்சு விடும் காலத்தையும் நீர் வெளியேற்றும் முறையையும் வகுத்துக் கொள்வது நலம். கிராமத்தின் குடிநீர்க் கிணறு உவர்க்காமல் காப்பதும் அவர்தம் பொறுப்பேயாகும். இவற்றை மறந்தால் பழைய பண்ணையுடன் பழைய நட்டத்தையும் வாங்கியதாகவே முடியும்.