ஊர் கூடி ஏற்றிய விளக்கு

நம் திருக்கோகர்ணம் பழமையான ஊர். இங்குள்ள கோயிலின் கருவறை பாறையைக் குடைந்து எடுக்கப்பட்டது. அங்கே கல்வெட்டுகளும் உண்டு. 1910-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இன்று நம் ஊரில்தான் இருக்கிறது. சற்றுத் தள்ளிப் போனால் சித்தன்னவாசல். அங்கே சமணத் துறவியர் படுத்திருந்த கற்படுக்கையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் எழுத்து இருக்கிறது. குடுமியான்மலைக்குப் போனால் இசை இலக்கணமே பாறையில் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்த மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. எழுத்துக்குப் பஞ்சமில்லாத மண் இது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் பெருமையோடு ஒரு வருத்தமும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கல்லையே உடைத்து ஜல்லியாக்கிப் பிழைத்த பெண்களில் எத்தனையோ பேருக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது. கூலி வாங்கும்போதும் கடன் வாங்கும்போதும் பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அதில் பத்து ரூபாய் என்று எழுதியிருந்தாலும் நூறு ரூபாய் என்று எழுதியிருந்தாலும் கைநாட்டு ஒன்றுதான்.

இந்நிலையை மாற்ற 1991-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்தில் எழுந்ததே அறிவொளி இயக்கம். அது மக்களை எப்படி அழைத்தது, மக்கள் ஏன் வந்தார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயக்கம் பிறந்த வரலாறு

1988-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு புதுமை நடந்தது. 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அமைப்பு, மாவட்ட நிர்வாகத்தோடு கை கோத்து வீடு வீடாகச் சென்று கற்பித்தது. 1990-இல் எர்ணாகுளம் இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அந்த வெளிச்சம் நம் பக்கமும் பரவியது. 1980-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும், அப்போது நம் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களும், ஆசிரியர்களும், வேலை தேடிக் கொண்டிருந்த இளைஞர்களும், இளம் பெண்களும் ஒன்று சேர்ந்தனர். அரசு பணமும் ஆதரவும் தந்தது. ஆனால் கற்பித்த தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்ற கணக்கில் வகுப்புகள் அமைந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எழுத்தைக் கொண்டு சேர்க்க வேண்டிய பெரும் பணி அது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலையா இது? ஊரே முன்வந்தால் அன்றி நடக்காது.

பாட்டும் கூத்தும்

‘நாளை முதல் வகுப்பு, எல்லோரும் வாருங்கள்’ என்று பறையறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். பகலெல்லாம் வெயிலில் நாற்று நட்டு, மாலையில் அடுப்பு மூட்டி, குழந்தையைத் தூங்க வைக்கும் தாய்க்குப் படிப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆகவே தொண்டர்கள் முதலில் புத்தகத்தைத் தூக்கிச் செல்லவில்லை. பாட்டையும் வீதி நாடகத்தையும் கொண்டு சென்றனர். இதற்குக் கலைப் பயணம் என்று பெயர். ஊர்ப் பொதுவிடத்தில் கூத்து நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாமல் ஏமாந்தவர் கதையைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு, ‘இது நம் கதையல்லவா?’ என்று தோன்றும். அறிவுரையால் நடக்காததை அந்தச் சிரிப்பு நடத்திக் காட்டியது.

வகுப்புக்கு மணி அடிக்கும் நேரத்தையும் ஊரே முடிவு செய்தது. வேலை முடிந்து சாப்பாடும் முடிந்த இரவு நேரத்தில், கோயில் வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் தெருவிளக்கின் அடியிலும் பெண்கள் சிலேட்டோடு உட்கார்ந்தனர். கற்பவர் பள்ளியைத் தேடி வரவில்லை; பள்ளியே அவர் வாசலுக்கு வந்தது எனலாம்.

பட்டாவும் படியும்

நாம் சிறு வயதில் அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு என்று தொடங்கினோம். நாற்பது வயதுத் தாயை அப்படி உட்கார வைத்தால் அவர் கூச்சப்படுவார். எனவே அறிவொளிப் பாடநூல் அகர வரிசையில் தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்களில் தொடங்கியது. நிலம் யாருடையது என்று சொல்லும் தாள் பட்டா. படி என்பதோ நெல் அளக்கும் படியும் ஆகும், ஏறும் படியும் ஆகும், ‘நீ படி’ என்ற அழைப்பும் ஆகும். நிலமில்லாத பெண் பட்டா என்ற சொல்லை எழுதும்போது, ‘நமக்கு ஏன் பட்டா இல்லை?’ என்று பேச்சு எழும். பேச்சிலிருந்தே எழுத்து பிறக்கும்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே (1921–1997) காட்டிய வழி இதுவே. முதியவர் ஒன்றும் அறியாதவர் அல்லர். மழை, மண், விலை, கூலி, மனித இயல்பு எல்லாம் அறிந்தவர். அவருக்கு இல்லாதது எழுத்து ஒன்றுதான். இதை உணர்ந்து பேசிய தொண்டரை ஊர் ஏற்றுக்கொண்டது. கற்ற பெண்கள் ஆட்சியர் அலுவலகத்தில் தம் குறைகளைத் தாமே மனுவாகக் கொடுத்தனர். அதன் அடியில் கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்து இருந்தது.

சைக்கிள் வந்த கதை

தொண்டர்களில் பெண்கள் பலர். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு இரவில் பேருந்து கிடையாது. நடந்து போனால் நேரமாகும். அண்ணனோ தம்பியோ கொண்டுபோய் விட வேண்டும் என்றால் வேலை நடக்காது. இந்தத் தேவையிலிருந்து பிறந்த விடைதான் சைக்கிள். அறிவொளியில் எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதும் ஒரு பாடமாயிற்று.

அக்காலத்தில் கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டுவது எளிதல்ல. தெருவில் கேலி செய்தார்கள், வீட்டில் தடுத்தார்கள். ஆனால் தனியாக ஓட்டினால்தானே கேலி? சேர்ந்து ஓட்டினார்கள். மணிக் கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துப் பழகினார்கள். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்தார். இதற்கென்றே பாட்டும் பிறந்தது. பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்கள் ஓட்டும் குறுக்குக் கம்பிச் சைக்கிளையே வாங்கினார்கள். அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு ஊழியர், கல்லுடைப்பவர், செயற்கைக் கல் பட்டை தீட்டுபவர், பள்ளி ஆசிரியை எனப் பலரும் மிதித்தனர். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி மணியடித்துப் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னர் இதை எழுத, நம் மாவட்டப் பெண்களின் செய்தி உலகெங்கும் சென்றது.

சைக்கிள் வந்ததும் வாழ்வு எப்படி மாறியது என்று எண்ணிப் பார்ப்போம். தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வரலாம். விளைபொருளைத் தானே சந்தைக்குக் கொண்டு போகலாம். நோயுற்ற குழந்தையை யாருக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். இதே காலத்தில் கல் குவாரிகள் சில பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. கூலிக்கு உடைத்தவர்களே கணக்கு எழுதுபவர்களாயினர்.

விளக்குக்கு எண்ணெய்

1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். எழுத்து பழகப் பழக நிற்கும், பழகாவிட்டால் மறக்கும். வகுப்பு நின்ற ஊர்களில், கற்றதைப் படிக்கத் தாளும் நூலும் கிடைக்காதவர்கள் மெல்ல மெல்ல மறந்தனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மீதி 31 பேர் வேறு எங்கோ இல்லை. நம் தெருவில் இருக்கிறார்கள். சிலர் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். நாம் கொண்டுவரும் மதிப்பெண் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ‘நல்லாப் படிக்கிறியா தாயி?’ என்று கேட்பவர்கள் அவர்கள்.

நாம் கற்க வேண்டியவை

அறிவொளி நமக்குத் தரும் பாடங்களை இப்படித் தொகுக்கலாம்.

முதலாவது, சொல்வதற்கு முன் கேட்க வேண்டும். ஊருக்கு எது தேவை என்று ஊரே சொல்லட்டும். சைக்கிள் எந்தத் திட்டத் தாளிலிருந்தும் முளைத்து வரவில்லை, தேவையிலிருந்து வந்தது.

இரண்டாவது, நம் நேரத்துக்கு அவர்களை அழைக்கக் கூடாது. அவர்கள் நேரத்துக்கு நாம் போக வேண்டும்.

மூன்றாவது, வந்தவரைப் பார்வையாளராக உட்கார வைக்கக் கூடாது. அவருக்கும் ஒரு பொறுப்பைத் தர வேண்டும். நேற்றுக் கற்றவர் இன்று கற்பிக்கும்போதுதான் இயக்கம் ஊருக்குச் சொந்தமாகிறது. தேர் இழுக்க ஊர் கூட வேண்டும் என்பார்கள். கூடினால் மட்டும் போதாது. ஒவ்வொருவர் கையிலும் வடம் இருக்க வேண்டும்.

நான்காவது, தொடங்கியதைத் தொடர வேண்டும். ஆசிரியப் பணி செய்த ஒரு தம்பதியர் நம் திருக்கோகர்ணத்திலேயே நூல் நூலாகச் சேர்த்து ஞானாலயா என்ற நூலகத்தை உருவாக்கி, லட்சம் நூல்களுக்கு மேல் வளர்த்தது நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆரவாரமில்லாமல் பல்லாண்டுகள் செய்த பணி அது.

அன்புத் தங்கையரே! நமக்குப் பெரிய இயக்கம் தொடங்க வயதில்லை என்று எண்ண வேண்டாம். இந்த விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரே ஒருவருக்கு, அவர் விரும்பும் நேரத்தில், அவருக்கு வேண்டிய சொல்லிலிருந்து தொடங்கி எழுதக் கற்றுக் கொடுப்போம். பாட்டிக்குத் தம் பெயர் வேண்டுமா, பேருந்தின் பலகையில் உள்ள ஊர்ப் பெயர் வேண்டுமா, பேத்தியின் பெயர் வேண்டுமா என்று முதலில் கேட்போம். பள்ளி திறந்த பிறகும் வாரம் ஒரு நாளாவது அவரோடு அமர்ந்து படிப்போம். அடுத்த முறை மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்கும்போது, மைப்பெட்டியைத் தேடாமல் பேனாவை நீட்டுவோம்.