இலவச மின்சாரம் செய்யும் மாணவனிடம் என்ன சொல்வது?

இயற்பியல் ஆசிரியராகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

அறிவியல் கண்காட்சி நெருங்கும்போது உங்களைத் தேடி ஒரு மாணவன் கட்டாயம் வருவான். மோட்டாரையும் டைனமோவையும் பெல்ட் போட்டு இணைப்பேன், டைனமோ தரும் மின்சாரத்திலேயே மோட்டார் ஓடும், மிச்சத்தில் பல்பும் எரியும் என்பான். யூடியூபில் பார்த்திருப்பான். அவனை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. "முடியாது, விதிக்கு விரோதம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதை அவன் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனாலும் இந்த யோசனையோடு வந்து நிற்கிறான் என்றால், அந்த வரி அவனுக்குள் இறங்கவில்லை. இது முட்டாள்களின் யோசனையும் அல்ல. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரரே பாதரசம் நிரப்பிய ஆரங்களோடு தானே சுழலும் சக்கரம் ஒன்றை விவரித்திருக்கிறார். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்துச் சலித்த பாரிஸ் அறிவியல் கழகம், இனி இவற்றைப் பரிசீலிப்பதில்லை என்று 1775-ல் முடிவெடுத்தது. கழகம் கதவைச் சாத்தலாம், ஆசிரியர் சாத்தக் கூடாது. கருவியைச் சுற்றி ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோட்டுக்குள் என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்று வரவு செலவு எழுதட்டும்.

2. டைனமோவை அவன் கையாலேயே சுற்றவையுங்கள். பிள்ளைகளில் பலர், டைனமோ சும்மா சுழன்றாலே போதும், மின்சாரம் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். கியர் வைத்த சிறிய டி.சி. மோட்டார் ஒன்று போதும். முனைகளைத் திறந்து விட்டுத் தண்டைச் சுற்றினால் லேசாகச் சுற்றும். இரண்டு முனைகளையும் கம்பியால் சேர்த்துவிட்டுச் சுற்றினால் கை திணறும். மின்னோட்டம் எடுக்க எடுக்க எதிர்ப்பு கூடும். லென்ஸ் விதி என்று கரும்பலகையில் எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பிறகு கணக்கு: மோட்டாரின் பயனுறுதிறன் எண்பது சதவீதம், டைனமோவுக்கும் எண்பது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 100 ஜூல் போட்டால் ஒரு சுற்று முடிந்து திரும்பி வருவது 64. அடுத்த சுற்றில் 41. பல்புக்கு மிச்சம் எங்கே?

3. எண் இல்லாமல் வாதாடாதீர்கள். இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சின்ன டர்பைன் வைத்தால் வீட்டுக்கே கரண்ட் கிடைக்குமே என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். இதில் விதி மீறல் எதுவும் இல்லை, அளவுதான் தெரியவில்லை. 1,000 லிட்டர் தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் கிடைப்பது 98,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக முழுத் தொட்டியும் காலியானாலும் ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. துளியும் இழப்பில்லை என்றாலும் 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை மேலே ஏற்றிய மோட்டார் எவ்வளவு தின்றது என்பதை மீட்டரைப் பார்த்துக் கேட்பவரே எழுதட்டும்.

அப்படியானால் ஆனைமலைப் பக்கம் கடம்பாறையில் ஏன் தண்ணீரை மேலேற்றித் திரும்ப இறக்குகிறார்கள் என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். 400 மெகாவாட் நிலையம் அது. தேவை குறைந்த நேரத்தில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்குகிறார்கள். ஏற்றச் செலவாகும் மின்சாரம், இறக்கும்போது கிடைப்பதைவிட அதிகம். தெரிந்தேதான் செய்கிறார்கள், ஏனென்றால் அங்கே சேமிப்பதுதான் நோக்கம்.

4. தண்ணீரைப் பிரித்து அந்த ஹைட்ரஜனில் ஓடும் கார் என்று யாராவது வந்தால், ஹைட்ரஜன் எரிந்தால் என்ன கிடைக்கும் என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர். அதை மறுபடி பிரிக்க, எரிந்தபோது வந்த அளவாவது ஆற்றல் தர வேண்டும். தண்ணீரில் இலையைப் போட்டுச் செய்ததாகச் சொல்லி 1996-ல் நாடே பேசிய மூலிகை பெட்ரோலையும் இப்படியே விசாரித்திருக்கலாம். பெட்ரோல் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். தண்ணீரில் கார்பன் கிடையாது. கொஞ்சம் இலையிலிருந்து லிட்டர் கணக்கில் எரிபொருளுக்கு வேண்டிய கார்பன் எப்படி வந்தது?

5. "ஆற்றல்தான் அழியாதே சார், பிறகு ஏன் லைட்டை அணைக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கும் பெண்ணை உட்காரச் சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் எழக்கூடிய கேள்விகளில் இதைவிட நல்லது அபூர்வம். அதே மாடித் தொட்டியை எடுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்தை ஹீட்டர் வழியாக அந்த 1,000 லிட்டரில் செலுத்தினால் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது, 0.86 டிகிரிதான். கைவைத்தால் தெரியாது. அதே யூனிட்டை இழப்பில்லாமல் தூக்குவதற்குச் செலவிட்டால் அவ்வளவு தண்ணீரும் 367 மீட்டர் உயரம் போகும். இரண்டிலும் ஜூல் கணக்கு ஒன்றுதான். தூக்கிய நீர் டர்பைனைச் சுற்றும், அந்த இளஞ்சூட்டை வைத்துக்கொண்டு ஒரு விசிறிகூடச் சுற்றாது. அளவு குறையவில்லை, பயன்தான் குறைந்தது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை இங்கிருந்து தொடங்கலாம்.

6. சில்லறைத் தவறுகள். மூடிய அறையில் ஃபேன் அறையைக் குளிர்விக்காது, சூடாக்கும். நம் வியர்வையை உலர்த்துவதால் நமக்குக் குளிர்கிறது. திறந்து வைத்த ஃபிரிட்ஜும் அறையைச் சூடாக்கும். வேதிப் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வராது, செலவாகும். புதிய, வலுவான பிணைப்புகள் உருவாகும்போதுதான் வெளிவரும். (உயிரியல் ஆசிரியரிடம் இதைச் சொல்லும்போது நயமாகச் சொல்லுங்கள்.)

7. ஆற்றல் அழியாது என்ற விதியை வேதவாக்காகக் காட்டாதீர்கள். பீட்டாச் சிதைவில் எலக்ட்ரான் கொண்டுவரும் ஆற்றல் ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதை 1914-ல் சாட்விக் காட்டினார். கணக்கு உதைத்தது. அணுவுக்குள் இந்த விதி பொருந்தாதோ என்று நீல்ஸ் போர் போன்ற மேதையே யோசித்தார். கண்ணில் படாத ஒரு துகள் மீதியை எடுத்துப் போகிறது என்று 1930-ல் பவுலி சொன்னார். நியூட்ரினோ என்ற அந்தத் துகளை ரெய்ன்ஸும் கோவனும் பிடித்தது 1956-ல். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை முதன்முதலில் பதிவு செய்த சோதனைகளில் ஒன்று 1965-ல் நம் கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்தது. விரியும் பிரபஞ்சம் முழுவதற்கும் இந்தக் கணக்கை எழுதுவது எளிதல்ல என்பதையும் பிளஸ் டூ பிள்ளைகளிடம் ஒளிக்க வேண்டாம். பெல்ட் போட்ட மோட்டாருக்கு அந்தச் சலுகை கிடையாது.

8. வீடியோவை நம்பி வருபவனுக்கு ரெட்ஹெஃபர் கதையைச் சொல்லுங்கள். 1813-ல் நியூயார்க்கில் தன் ஓயாத இயந்திரத்தைக் காசு வாங்கிக் காட்டினார். நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டன் பார்க்கப் போனவர், சக்கரத்தின் வேகம் சீராக இல்லாமல் கூடிக்குறைவதைக் கவனித்தார். பக்கத்துப் பலகைகளைப் பெயர்த்தார். சுவருக்குள் ஓடிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே போனால், பரணில் ஒரு கிழவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

9. கடைசியாக, அந்த மாணவனின் மாடலைக் கண்காட்சியிலிருந்து தள்ளிவிடாதீர்கள். பெல்ட்டும் மோட்டாரும் டைனமோவும் அப்படியே இருக்கட்டும். வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் சேர்த்து, உள்ளே போன வாட் எத்தனை, வெளியே வந்த வாட் எத்தனை, பெல்ட்டும் சுருளும் எவ்வளவு சூடாயின என்று அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் நடுவராக இருந்தால் அதற்குத் தாராளமாக மதிப்பெண் போடுங்கள்.