முப்பத்தாறு வயதுக்குப் பிறகு டெமியன் மாயா

அன்புள்ள தம்பிக்கு,

ஜியு-ஜிட்சு வகுப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் கிக்பாக்ஸிங் பழகப்போவதாக எழுதியிருந்தாய். இன்றைய எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டையில் தரைச் சண்டைக்காரனுக்கு இடமில்லை என்று உன் ஜிம்மில் மூத்தவர்களே சொல்கிறார்களாம். முடிவெடுப்பதற்கு முன் டெமியன் மாயா என்ற பிரேசில்காரரின் கதையை முழுதாகக் கேட்டுவிடு. இதே குழப்பம் அவருக்கும் வந்தது, அதுவும் உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது.

உன் ஜிம்காரர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ஜியு-ஜிட்சுக்காரரான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். தரையில் விழுந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது அன்று அநேகம் பேருக்குத் தெரியாது. நேரக் கணக்கும் கிடையாது. 1994 டிசம்பரில் டான் செவர்ன் என்ற பெரிய உடம்புக்காரருக்கு அடியில் கால் மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து கிடந்து, காத்திருந்து, கால்களால் கழுத்தைப் பூட்டி ஜெயித்தார் ராய்ஸ். அதே மனிதர் 2006 மே மாதம், 39 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் மேட் ஹியூஸுக்கு எதிராகத் திரும்பி வந்தபோது முதல் சுற்றையே அவரால் தாண்ட முடியவில்லை. ஹியூஸ் மல்யுத்தக்காரர், ஜியு-ஜிட்சு பிடிகளையும் கற்று வைத்திருந்தவர். ராய்ஸின் கையை நீட்டி முறுக்கினார். ராய்ஸ் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டவில்லை, வலியைப் பொறுத்துக்கொண்டார். பிறகு ஹியூஸ் முதுகில் ஏறிக் குத்தத் தொடங்க, நடுவர் சண்டையை நிறுத்தினார். இன்றும் அதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். ஜியு-ஜிட்சு செத்துவிட்டது என்று அன்று பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ராய்ஸ் ஊருக்கெல்லாம் காட்டிய வித்தையை ஊர் கற்றுக்கொண்டது, அவர் மட்டும் அதை 1993இல் இருந்தபடியே எடுத்து வந்தார்.

இப்போது மாயாவுக்கு வருகிறேன். சாவோ பாவ்லோவில் 1977இல் பிறந்தவர். இதழியல் படித்தவர். ஜியு-ஜிட்சு மெத்தையில் கால் வைத்தபோது அவருக்கு 19 வயது, நீ தொடங்கியதைவிடத் தாமதம். பலருக்குப் பத்து வருடம் பிடிக்கும் கறுப்பு பெல்ட்டை ஐந்து வருடத்துக்குள் வாங்கினார். 2007இல் ஏடிசிசி என்ற பிடிச்சண்டைப் போட்டியில் பட்டம் வென்று, அதே வருடம் யூஎஃப்சிக்குள் நுழைந்து, முதல் ஐந்து சண்டைகளையும் பிடி போட்டே முடித்தார். ஆறாவது சண்டை 2009 ஆகஸ்டில், நேட் மார்க்வார்ட்டுடன். மாயா ஓர் உதை விட்டார், எதிரே இருந்து ஒரு வலக்கைக் குத்து வந்தது. 21 விநாடியில் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு நீ நினைப்பதைத்தான் அவரும் செய்தார். நின்று அடித்துக்கொள்ளக் கற்றார். சுமாராக அடிக்கவும் செய்தார். ஆனால் எதிராளி பயப்பட அவரிடம் எதுவும் இல்லாமல் போனது. 2010இல் ஆண்டர்சன் சில்வாவிடம், 2011இல் மார்க் முன்யோஸிடம், 2012 தொடக்கத்தில் கிறிஸ் வைட்மனிடம் தோற்றார். குத்துச்சண்டை தெரிந்த நூறு பேரில் அவரும் ஒருவர் ஆகிவிட்டார். உன்னை நினைத்து எனக்குள்ள கவலையும் இதுதான்.

2012இல் 84 கிலோ பிரிவிலிருந்து 77 கிலோவுக்கு இறங்கினார். மறுபடி தரைக்குத் திரும்பினார். ரிக் ஸ்டோரியைக் கழுத்தைத் திருகித் தட்ட வைத்தார். மல்யுத்தத்தில் ஊறிய ஜான் ஃபிட்ச்சை மூன்று சுற்றும் மல்யுத்தத்திலேயே அடக்கினார். இடையில் ஜேக் ஷீல்ட்ஸிடமும் ரோரி மெக்டொனால்டிடமும் அடுத்தடுத்து தோற்றபோது அவருக்கு வயது 36. இனி எழமாட்டார் என்றார்கள். 2014 மேயிலிருந்து 2017 மே வரை தொடர்ச்சியாக ஏழு சண்டைகளை வென்றார்.

எப்படி என்பதைத்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். இன்றைய விதிப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், இருவரும் மறுபடி எழுந்து நின்றுதான் தொடங்க வேண்டும். செவர்னுக்கு அடியில் ராய்ஸ் காத்திருந்த மாதிரி இன்று யாரும் காத்திருக்க முடியாது. ஆகவே நின்ற நிலையிலிருந்து எதிராளியின் முதுகுக்குப் போகும் வழியை மாயா போட்டார். பாய்ந்து ஒரு காலைப் பிடிப்பார். எதிராளி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மேலே விழுந்து அமுக்குவான். வேறு ஆளாயிருந்தால் அங்கேயே மூச்சு முட்டத் தள்ளிக்கொண்டிருப்பான். மாயா சட்டென்று இடுப்பை ஒருபக்கமாகத் தரையில் போட்டு, எதிராளியின் ஒரு காலைத் தன் இரு கால்களுக்கு நடுவே சிக்க வைப்பார். ஹாஃப் கார்டு என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்களே, அதேதான். அங்கிருந்து எதிராளியின் அக்குளுக்குள் ஒரு கையை நுழைத்து, பக்கவாட்டில் முட்டிபோட்டு எழும்போது அதே கால் மறுபடி அவர் கையில் இருக்கும். எதிராளி தப்பிக்கத் திரும்பினால் முதுகு கிடைக்கும். முதுகு கிடைத்ததும் கால்களால் இடுப்பைச் சுற்றிப் பூட்டிவிடுவார். பிறகு கைச்சண்டை. கழுத்தைக் காப்பாற்ற எதிராளி மாயாவின் ஒரு மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான், மாயாவின் இன்னொரு கை சும்மா இருக்கும். கழுத்தின் இருபக்கமும் உள்ள ரத்தக்குழாய் சரியாக அழுந்தினால் பத்து விநாடி போதும்.

2016 ஆகஸ்டில் வான்கூவரில் கார்லோஸ் காண்டிட்டுடன் நடந்ததைப் பார். அதே வருடம் ஜனவரியில்தான் காண்டிட் சாம்பியன் பட்டத்தை மயிரிழையில் தவறவிட்டிருந்தார். மாயாவுக்கு வயது 38. தொடங்கியதுமே காண்டிட் தரையில், கொஞ்ச நேரத்தில் மாயா அவர் முதுகில், 1 நிமிடம் 52 விநாடியில் காண்டிட் தட்டினார். யாருக்கும் காயமில்லை. ஆளைக் காயப்படுத்தாமல் ஜெயிக்க வேண்டும் என்று மாயா வெகுகாலமாகச் சொல்லிவந்தவர். அந்தப் பிடிவாதம் அவரையும் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தலையில் அதிகம் வாங்காத மனிதனின் உடம்பு நாற்பதைத் தாண்டியும் ஒத்துழைக்கும். அவருடைய கடைசி யூஎஃப்சி சண்டை 43 வயதில்.

தோல்வியையும் மறைக்காமல் சொல்கிறேன். 2017 ஜூலையில் சாம்பியன் டைரன் உட்லியுடன் ஐந்து சுற்று. மாயா இருபது தடவைக்கு மேல் பாய்ந்தார், ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. கூட்டம் கூச்சல் போட்டது. சலிப்பான சண்டை என்றார்கள், நான் அதைக் கண் எடுக்காமல் பார்த்தேன். மாயா இடுப்பைத் தரையில் போடும்போதெல்லாம் உட்லி கூடவே கீழே போகவில்லை. பிடித்த கையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். எதிராளி மேலே இருந்து அமுக்கினால்தான் மாயாவின் வழி திறக்கும். அமுக்க மறுப்பவனிடம் அது மூடிக்கொள்கிறது. அடுத்து கோல்பி கோவிங்டன், காமரு உஸ்மான் இருவரிடமும் தோற்றார்.

அப்புறமும் மூன்று வெற்றிகள் வந்தன. மூன்றாவது, 2019 அக்டோபரில் சிங்கப்பூரில், ஒலிம்பிக் வரை போன மல்யுத்தக்காரர் பென் ஆஸ்க்ரெனுடன். மூன்றாவது சுற்றில் கழுத்தை நெரித்து முடித்தபோது மாயாவுக்கு 42 நிறையப் பதினொரு நாள்தான் பாக்கி.

கிக்பாக்ஸிங் பழகாதே என்று நான் சொல்லவில்லை. முகத்தை மூடிக்கொள்ளவும், எட்டாத தூரத்தில் நிற்கவும், அடி வரும் நேரம் பார்த்துக் காலுக்குப் பாயவும் அது வேண்டும். அந்த அளவுக்குப் பழகு. வாரத்தில் இரண்டு நாள் மல்யுத்தப் பயிற்சியும் வைத்துக்கொள், உனக்கு அங்கேதான் பெரிய ஓட்டை. மெத்தையில் இருக்கும் நேரத்தைக் குறைக்காதே.

இந்த வாரம் ஃபிட்ச், காண்டிட், உட்லி மூன்று சண்டைகளையும் இதே வரிசையில் பார். முதலில் கைகளை விட்டுவிடு. மாயா காலைப் பிடித்த பிறகு அவர் இடுப்பு எந்தப் பக்கம் விழுகிறது, அந்த நொடியில் எதிராளியின் இடுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கவனி. பிறகு உட்லி எந்த நேரத்தில் கையைக் கழற்றுகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்துவை. அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்கு எழுது, அடுத்த கடிதத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்